விற்றால்தான் கூலி

சென்ற ஐப்பசியில், காரைக்குடிக்கு அருகே உறவினர் வீட்டு வளவில் அமர்ந்து, அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமான வாகன உதிரிபாக ஆலையை விற்பது குறித்து ஏறக்குறைய நான்கு மணி நேரம் பேசினேன். ஆலை இருப்பது சென்னை அம்பத்தூரில். ஆனால் அதன் பங்குகளை வைத்திருக்கும் ஏழு புள்ளிகளும் (திருமணமான ஒவ்வோர் ஆணின் குடும்பமும் எங்கள் கணக்கில் ஒரு புள்ளி) ஒரே கூரையின் கீழ் கூடுவது ஊரில் நடக்கும் திருமணங்களில் மட்டுமே என்பதால், முகூர்த்தத்துக்கு மறுநாள் காலை பலகாரத்துக்குப் பிறகு என்னை வரச் சொல்லியிருந்தார்கள். மும்பையில் முதலீட்டு வங்கி ஒன்றின் நிறுவன இணைப்பு, கையகப்படுத்தல் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். விலை எப்படிக் கணக்கிடப்படும், வாங்க வருகிறவர்கள் யாராக இருக்கலாம், எத்தனை மாதங்கள் ஆகும் என்றெல்லாம் சொல்லி முடித்த பிறகு, அதுவரை தூணோரம் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த மூத்த ஆச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் சரிதான் தம்பி, இதுல உனக்கு என்ன கிடைக்கும்?"

மும்பையில் எந்த நிறுவனத் தலைவரும் என்னிடம் இதை இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவார்களே தவிர, அந்தக் கட்டணம் என் ஆலோசனையை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்று யோசிக்க மாட்டார்கள். ஆச்சிக்கு அன்று நான் சொன்ன பதில் சுருக்கமானது. அதை விரிவாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியதால்தான் இந்தப் பதிவு.

முதலீட்டு வங்கி என்ற பெயரைக் கேட்டதும் நம் ஊரில் பலரும் வைப்புத்தொகை வாங்கிக் கடன் கொடுக்கும் வங்கியையே நினைக்கிறார்கள். 1937 பிப்ரவரியில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கதவைத் திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அந்த வகை. நான் இருந்த தொழிலில் வைப்புத்தொகையும் இல்லை, பெட்டகமும் இல்லை. ஒரு நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவருவது, புதிய முதலுக்கு ஆள் தேடுவது, ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கவோ விற்கவோ இணைக்கவோ விரும்பும்போது உடனிருந்து நடத்திக்கொடுப்பது ஆகியவையே அதன் வேலைகள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால் இதில் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் விதிகளும் வந்து சேரும். ஒருவர் கையிருப்பு 25 சதவீதத்தை எட்டிவிட்டால், மற்றப் பங்குதாரர்களிடமிருந்து குறைந்தது இன்னும் 26 சதவீதத்தை வாங்க முன்வந்தாக வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டு விதி. 2024 ஜூலையில் அல்ட்ராடெக் நிறுவனம், இந்தியா சிமெண்ட்ஸின் நிறுவனர் தரப்புப் பங்குகள் 32.72 சதவீதத்தைப் பங்குக்கு 390 ரூபாய் வீதம் வாங்குவதாக அறிவித்ததும், சாதாரணப் பங்குதாரர்களுக்கும் அதே 390 ரூபாய்க்கு அழைப்பு வந்தது இதனால்தான். எங்கள் உறவினர் ஆலை பட்டியலிடப்படாத தனியார் நிறுவனம் என்பதால் அங்கே இந்தக் காவல் கிடையாது. பேசிப் பெறுவதுதான் விலை.

இனி கூலிக்கு வருகிறேன். ஆலோசகருக்கு இரண்டு வகையில் பணம் வரும். மாதாமாதம் வாங்கும் சிறிய நிலைக்கட்டணம் ஒன்று, விற்பனை முடிந்து பணம் கைமாறும் நாளில் கிடைக்கும் வெற்றிக் கட்டணம் மற்றொன்று. பெரும்பகுதி இரண்டாவதில்தான் இருக்கிறது. லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியின் காலத்திலிருந்து வழங்கிவரும் பழைய வாய்பாடு ஒன்று உண்டு. முதல் பத்து லட்சம் டாலருக்கு 5 சதவீதம், அடுத்த பத்து லட்சத்துக்கு 4, பிறகு 3, பிறகு 2, அதற்கு மேல் எவ்வளவு போனாலும் 1 சதவீதம். ஒரு கோடி டாலர் விற்பனைக்கு இதன்படி இரண்டு லட்சம் டாலர், அதாவது மொத்தத்தில் 2 சதவீதம் வரும். விலை ஏற ஏற ஆலோசகரின் வீதம் இறங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கடைசிக் கோடிகளுக்காக மல்லுக்கட்டுவதுதான் மிகக் கடினமான வேலை, அதற்குத்தான் மிகக் குறைந்த கூலி.

ஆச்சிக்கு இதை எண்களாகச் சொன்னேன். 130 கோடிக்கு ஒருவர் தயாராக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் மூன்று மாதம் பொறுத்து, இன்னொருவரையும் களத்தில் இறக்கினால் 140 கோடி கிடைக்கக்கூடும். அந்தப் பத்துக் கோடி குடும்பத்துக்குப் பெரிய தொகை. 2 சதவீதக் கட்டணம் வாங்கும் எனக்கோ அது இருபது லட்சம்தான். இழுத்த இழுப்பில் முதல் ஆள் விலகிப் போய்விட்டால் குடும்பத்துக்கு ஆலை மிஞ்சும், எனக்கோ இரண்டரைக் கோடிக்கு மேல் கைநழுவிப் போகும். ஆகவே 130 கோடி வந்தவுடன், "இதைவிட நல்ல விலை வராது, முடித்துவிடுவோம்" என்று சொல்லும்படி என் பை என்னைத் தள்ளும். நான் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. நல்லவர்களுக்கும் இந்தத் தள்ளல் உண்டு, அவர்கள் அதை அனுபவத்தின் குரல் என்று நம்பிக்கொள்வார்கள் என்பதே வேறுபாடு. இதைவிட மோசமானது இன்னொன்று இருக்கிறது. "இப்போது விற்காதீர்கள்" என்ற ஆலோசனைக்கு இந்த ஏற்பாட்டில் விலையே கிடையாது. நான் வேலை பார்த்த ஆண்டுகளில் அந்தச் சொல்லை ஒரு வாடிக்கையாளரிடம் இரண்டு முறைதான் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் முறை என் மேலதிகாரி என்னைத் தனியாக அழைத்துக் கண்டித்தார்.

நம்முடைய பழைய ஏற்பாடு எப்படி இருந்தது என்று அன்று பேச்சு வந்தது. எங்கள் ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது ஏஜென்டுக்கு அடுத்த நிலை உதவியாளராக இருந்தவர். வெளிநாட்டுக் கடைக்கு ஏஜென்டை அனுப்பும்போது மூன்று ஆண்டுத் தவணைக்குச் சம்பளம் பேசிச் சம்பளச் சீட்டு எழுதிக்கொள்வார்கள் என்றும், தவணை முடிவில் லாபத்தில் ஒரு பங்கும் உண்டு என்றும், ஆனால் புதிதாக வரும் ஏஜென்ட் பேரேட்டை விரித்து, நிலுவையிலிருக்கும் கடன்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் பழையவர் கப்பல் ஏறுவார் என்றும் சொல்லியிருக்கிறார். போகிறவர் லாபத்தை ஊதிக் காட்டினால் வருகிறவர் அதைக் குத்திவிடுவார். இன்று பெரிய தணிக்கை நிறுவனங்கள் ஒரு நிறுவனத்தை வாங்குவதற்கு முன் மாதக்கணக்கில் செய்யும் முன்னாய்வின் சாரம் அதில் இருக்கிறது. என்றாலும் அந்த ஏற்பாட்டை நான் பொற்காலமாக்கிப் பேச மாட்டேன். வட்டி ஏட்டில் ஏறிக்கொண்டேயிருந்தது. நெல் விலை விழுந்ததும் கடன்கள் நிலங்களாக மாறின. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938இல் அது 25 சதவீதம். யாரும் ஆசைப்பட்டு வாங்கிய நிலமல்ல, விற்கவும் ஆளில்லை. ஏட்டில் தெரியும் லாபமும் கையில் வரும் பணமும் வேறு என்பதை இந்த ஊர் அளவுக்கு விலை கொடுத்துக் கற்ற ஊர் குறைவு.

அந்த வேறுபாட்டைத்தான் அன்று ஆலைக் கணக்கிலும் காட்ட வேண்டியிருந்தது. எண்களைச் சற்று மாற்றித் தருகிறேன், கணக்கின் போக்கை மாற்றவில்லை. நிர்வாகத்தை நடத்திவரும் அண்ணனிடம் சென்னையிலுள்ள ஓர் ஆலோசனை நிறுவனம் ஏற்கெனவே வந்து, "வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய உங்கள் லாபம் 18 கோடி, இந்தத் துறையில் எட்டு மடங்கு கொடுக்கிறார்கள், ஆகவே 144 கோடி" என்று வழவழப்பான தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. கல்யாண வீட்டில் அந்த 144 ஏழு புள்ளிகளுக்கும் பரவி, அவரவர் மனத்தில் ஏழால் வகுக்கப்பட்டும் விட்டது.

அந்த 18 கோடியை முதலில் சீராக்க வேண்டும். ஆலைக்கே வராத மூன்று இயக்குநர்களுக்குப் போகும் சம்பளம் 90 லட்சம், குடும்பக் கார்களுக்கான செலவு 30 லட்சம். புதிய உரிமையாளருக்கு இவை இருக்காது என்பதால் லாபத்தோடு கூட்டிக்கொள்ளலாம். இதுவரை எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆலை நிற்கும் நிலம் கம்பெனியின் பெயரில் இல்லை, மறைந்த பெரியவரின் கூட்டுக் குடும்பச் சொத்தாக இருக்கிறது, கம்பெனி அதற்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் வாடகை தருகிறது. நியாயமான வாடகைக்கும் இதற்கும் ஆண்டுக்கு 1.8 கோடி வித்தியாசம், அதைக் கழிக்க வேண்டும். அண்ணன் எடுத்துக்கொள்ளும் சம்பளம் 24 லட்சம். அவர் பார்க்கும் வேலைக்கு வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தினால் 1.2 கோடி ஆகும், ஆகவே இன்னும் 96 லட்சம் கழிவு. சீராக்கிய லாபம் 16.44 கோடி. எட்டு மடங்கு 131.5 கோடி. இதில் வங்கிக் கடன் 30 கோடியைக் கழித்து, கையிருப்பு 6 கோடியைக் கூட்டினால் 107.5 கோடி. கடந்த ஆறு மாதமாகச் சரக்கு இருப்பைக் குறைத்தும், சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போட்டும் நடைமுறை மூலதனத்தை, அதாவது அன்றாடம் ஆலையை ஓட்டத் தேவைப்படும் பணத்தை, வழக்கமான அளவுக்குக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். வாங்குபவர் அந்தப் பள்ளத்துக்காக 5 கோடியாவது பிடிப்பார். மிஞ்சுவது 102.5 கோடி. இதிலும் பத்தில் ஒரு பங்கைப் பின்னால் வரக்கூடிய வரி வழக்குகளுக்கு ஈடாக ஒன்றரை ஆண்டு மூன்றாமவர் கணக்கில் நிறுத்திவைக்கச் சொல்வது வழக்கம். மூலதன ஆதாய வரி 12.5 சதவீதமும் அதன் மேல்வரியும் தனி.

144 எங்கே, 102 எங்கே என்று வளவில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அவர்களுடைய கோபம் என்மீதுதான் முதலில் திரும்பியது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். அச்சிட்ட தாளில் 144 போட்டவர் இங்கே இல்லை அல்லவா. ஆனால் தொழிலில் இது தெரிந்தே செய்யப்படும் வித்தை. விற்கும் பொறுப்பை ஆலோசகரிடம் ஒப்படைக்கும் பொறுப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கும்வரை விலை உயரமாகப் பறக்கும். கையெழுத்தானபின் அந்த நிறுவனத்தைத் தவிர வேறு யார் மூலமும் விற்க முடியாது என்று ஓராண்டுக்குக் கட்டிப்போட்டு, மெல்ல மெல்லத் தரைக்கு இறக்குவார்கள். அந்தக் கடிதத்தை அண்ணன் எடுத்துக் காட்டினார், நல்லவேளையாகக் கையெழுத்திடவில்லை. 2 சதவீதக் கட்டணம் எந்தத் தொகையின் மீது என்று பார்த்தேன். குடும்பத்தின் கைக்கு வரும் 102 கோடியின் மீதல்ல, கடனையும் சேர்த்த 131 கோடியின் மீது. வங்கிக்குத் திருப்பிச் செலுத்தும் 30 கோடிக்கும் ஆலோசகருக்கு 60 லட்சம். உடன்பாடு முறிந்த பிறகும் இரண்டு ஆண்டுகளுக்குள் யாருக்கு விற்றாலும் கட்டணம் தரவேண்டும் என்ற வால் ஒன்றும் தொங்கியது. அவர்கள் அறிமுகப்படுத்திய ஆட்களுக்கு விற்றால் என்றிருந்தால் நியாயம். யாருக்கு விற்றாலும் என்பது அநியாயம்.

வாங்க வருகிறவர் எந்த வகை என்பதைப் பொறுத்து விலையின் உருவமே மாறும். இதே துறையில் இருக்கும் வெளிநாட்டு நிறுவனம் முழுதாக வாங்கிக்கொண்டு முழுப் பணமும் கொடுக்கும், பெயர்ப்பலகையை மாற்றிவிடும். தனியார் முதலீட்டு நிதியாக இருந்தால் அண்ணனைச் சில ஆண்டுகள் இருத்திவைத்து, விலையில் ஒரு பகுதியை எதிர்கால லாபத்தோடு கட்டிப்போடும். இன்னொரு கம்பெனியோடு இணைப்பதென்றால் பணத்துக்குப் பதில் பங்குகளே கிடைக்கும். கருமுத்து தியாகராசன் செட்டியார் 1943இல் தொடங்கிய மதுரை வங்கி 2001இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தபோது, அதன் ஒரு பங்குக்கு ஐசிஐசிஐ வங்கியின் இரண்டு பங்குகள் என்பது விகிதம். அப்படிப் பெற்ற பங்குகளை விற்காமல் வைத்திருந்தவர்களும் ஆறே மாதத்தில் விற்றுவிட்டு இன்றும் நொந்துகொள்பவர்களும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். கம்பெனிகளை இணைக்க 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பங்குதாரர்களில் மதிப்பின் அடிப்படையில் நான்கில் மூன்று பங்கினர் சம்மதமும், தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலும் வேண்டும், காலமும் பிடிக்கும். எங்கள் ஆலைக்கு அந்த வழி பொருந்தாது என்பதால் அங்கே நான் அதிகம் நிற்கவில்லை.

வாங்கும் பக்கத்தில் நின்று பேசிய உறவினர் ஒருவர், "நம்ம ஆட்கள் வாங்கித்தானே பெருகினார்கள், விற்றா பெருகினார்கள்?" என்று கேட்டார். பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் அவர் மனத்தில் இருந்தது. 1981இல் ஈஐடி பாரி, 2020இல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் வழியாகக் கடனில் மூழ்கியிருந்த சிஜி பவர் என்று அவர்கள் வாங்கியவை பல. ஏறக்குறைய 700 கோடி ரூபாய்க்கு சிஜி பவரின் பெரும்பான்மைப் பங்கு கைக்கு வந்தது. ஆனால் அங்கே கடன் கொடுத்த வங்கிகளோடு பேசித் தீர்த்ததுதான் உண்மையான வேலை, விலையைப் பேசியதல்ல. வாங்குவதற்கு அப்படிப்பட்ட நிர்வாகத் திறனும் பொறுமையான முதலும் வேண்டும். இங்கே அடுத்த தலைமுறையில் ஒருவர் டாலஸில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் மருத்துவர்.

உண்மையில் என்னை அன்று அதிகம் கவலைப்படுத்தியது விலையல்ல, பங்குப் பதிவேடு. வெளியிலிருப்பவர்களுக்கு ஒரு சொல்: நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கோயிலுக்கு வரி கட்டுவதும் புள்ளிக் கணக்கில்தான். ஊர்ச் செலவுகளை இம்மி பிசகாமல் புள்ளிவாரியாக எழுதும் இதே குடும்பத்தின் கம்பெனிப் பதிவேட்டில், 1994இல் மறைந்த அப்பத்தாவின் பெயரில் இன்னும் 11 சதவீதம் கிடக்கிறது. ஒரு மகளுக்குத் திருமணத்தின்போது எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் பங்குகளின் மாற்றுப் பத்திரம் இரும்புப் பெட்டியில் இருக்கிறது, கம்பெனியில் பதிவாகவில்லை. மூத்தவருடைய கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பங்குண்டு என்பதைத் தமிழ்நாட்டில் 1989லேயே சட்டமாக்கிவிட்டார்கள், நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. நிலம் யாருடையது என்ற கேள்விக்கு ஏழு புள்ளிகளும் ஏழு பதில் வைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு, சிறு நிறுவனம் என்ற வரையறைக்கு மேலிருக்கும் தனியார் கம்பெனிகள் தம் பங்குகளை மின்னணு வடிவுக்கு மாற்றியாக வேண்டும், அதற்கான நீட்டிக்கப்பட்ட கெடுவும் 2025 ஜூன் 30ஓடு முடிந்துவிட்டது. காகிதப் பங்கை வைத்துக்கொண்டு கைமாற்ற முடியாது. வாங்குபவருடைய வழக்கறிஞர் முதல் வாரத்திலேயே இதையெல்லாம் கண்டுபிடிப்பார். அப்போது விலையில் கைவைப்பது மட்டுமல்ல, கையெழுத்திடத் தயங்கும் ஒரே ஒரு புள்ளியைத் தனியே பிடித்துப் பேசவும் அவருக்கு வழி கிடைக்கும்.

இரகசியம் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். விற்பனைக்கு வரும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் ஒரு பக்க அறிமுகத்தாள் தயாரித்து, இரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கு மட்டுமே முழு விவரக் கோப்பைத் தருவது தொழில் வழக்கம். எங்கள் வளவுக் கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் பிள்ளையார்பட்டிக்குப் போயிருந்தேன். வரிசையில் பின்னால் நின்றவர், "அம்பத்தூர் ஆலை கைமாறுதாமே, 144க்கா?" என்றார்.

ஆச்சியின் கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்: இப்போதைய வழக்கப்படி என்றால் எனக்கு விற்றால்தான் கூலி, ஆகவே விற்கலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். விற்கலாமா என்று என்னிடம் கேட்க விரும்பினால் கூலியை மாற்றிப் பேசுவோம். பதிவேட்டைச் சரிசெய்து, நிலத்தைப் பற்றிக் குடும்ப உடன்படிக்கை எழுதி, விற்கலாமா வேண்டாமா என்று கருத்துச் சொல்வதற்கு ஒரு நிலையான தொகை, எந்தக் கருத்தைச் சொன்னாலும் அதே தொகை. பிறகு விற்பதாக முடிவானால், குடும்பத்தின் கைக்கு வரும் பணத்தில் 100 கோடி வரை 1 சதவீதம், அதற்கு மேல் கிடைக்கும் பகுதிக்கு மட்டும் 6 சதவீதம். அப்போதுதான் கடைசிக் கோடிகளுக்காக நானும் பசியோடு இருப்பேன். ஆச்சி அண்ணனைப் பார்த்து, "எழுதிக்கச் சொல்லு" என்றார். அண்ணன் நிலையான தொகையில் ஐந்து லட்சம் குறைத்தார். அது நான் எதிர்பார்த்ததுதான்.

பங்குனியில் என் கருத்தை எழுதிக் கொடுத்தேன். குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு விற்க வேண்டாம் என்பதே அது. காரணங்களாக நான் அடுக்கியவற்றில் சந்தை நிலவரம் கடைசியில்தான் வந்தது. அப்பத்தா பெயரிலிருந்த பங்குகள் வாரிசுகளுக்கு மாற்றப்பட்டுவிட்டன. மகளுடைய மாற்றுப் பத்திரம் குறித்து இன்னும் இரண்டு புள்ளிகள் ஒத்துவரவில்லை. நிலத்துக்கு நியாயமான வாடகையில் குத்தகை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தாகிவிட்டது, வாடகை ஏழாகப் பிரிந்து மாதாமாதம் அவரவர் கணக்குக்குப் போகிறது. இதனால் இந்த ஆண்டு ஆலையின் லாபம் 1.8 கோடி குறைவாகத் தெரியும். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லி என்னிடம் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.